கமக்கட்டில் வெந்த பலாக்கொட்டை

நேற்றுக் காலை நீர் எங்கள் குசினிக்குள் வந்திருந்தீர்.

உம்மை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. "என்னங்க, காஸ் லீக்காகுது! வெளிய வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஹந்தானை மலைக் குரங்குகள் மூட்டை முடிச்சைக் கட்டியிருக்கும். அவள் முற்றத்துக்கு ஓடினாள். நான் குசினிக்குள் ஓடினேன். சிலிண்டரின் கழுத்தடியில் மூக்கை வைத்து, அழுகிய முட்டையும் எரிந்த றப்பரும் சேர்ந்து பெற்ற பிள்ளையான அந்த நாற்றத்தைச் சாம்பிராணிப் புகைபோலக் கண்மூடி இழுத்தேன்.

"சாகிறதுன்னா சொல்லிட்டுச் சாவுங்க, நல்ல சாரத்தயாவது கட்டிவிடுறேன்" என்றாள் வாசலில் நின்று.

கசிவு தெரியட்டும் என்று காஸில் கலக்கும் அந்த நாற்றத்துக்கு நெருங்கிய சொந்தக்காரன் ஒருவன் பேராதனையில் நம் ஆய்வுகூடத்து அலுமாரியில் கபிலநிறப் போத்தலுக்குள் குடியிருந்தான். புரதத்தின் முடிச்சுகளை அவிழ்க்க அவனில் ஒரு துளி போதும். மூடியைத் திறந்தால் வளாகத்து மரங்களுக்குக் கீழே காதலித்துக்கொண்டிருந்த அத்தனை சோடிகளும் ஆளுக்கொரு திசையில் ஓடும். உம் கைகளில் அவன் நிரந்தரக் குடித்தனம். சவர்க்காரம், எலுமிச்சை, தேயிலைச் சக்கை எதற்கும் அசையவில்லை.

"இந்தக் கைய வெச்சிக்கிட்டு உங்களுக்கு எவ கழுத்த நீட்டுவா?" என்று நான் கேட்டேன்.

"உம்மட தலையில வழியிற எண்ணெயைச் சகிக்க ஒருத்தி வந்தவள்தானே காணும்" என்றீர்.

நம் நட்பின் இனிமையான உரையாடல் அதுதான். மற்றவை எல்லாம் அதைவிட மோசம்.

என்னை 'நீர்' என்று விளித்தவர் உலகத்தில் நீர் ஒருவர்தான். எங்கள் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் 'நீ'யும் 'நீங்க'வும் உண்டு; நடுவில் வேலி இல்லை. 'நீ' என்றால் நெருக்கம் வந்துவிடும், 'நீங்கள்' என்றால் மரியாதை வந்துவிடும், இரண்டும் இந்தத் தோட்டத்தானுக்கு அதிகம் என்று யாழ்ப்பாணத்து மூளை அளந்து வெட்டிய துண்டு அது. அதையே இப்போது உமக்குத் திருப்பித் தருகிறேன். சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும்.

நாம் இருவரும் ஒரே ஆய்வுகூடத்தில் ஒரே தரத்து உதவியாளர்கள். கண்டி கட்டுக்கலையில் ஒரே வாடகை அறை; என் மனைவி அப்போது தோட்டத்தில் இருந்தாள். கட்டில் இரண்டு, கதிரை ஒன்று. அந்தக் கதிரையில் நான் உட்கார்ந்ததாக வரலாற்றில் பதிவில்லை.

நம் தெய்வம் பலாக்கொட்டை, அதிலிருந்து நாம் வடித்தெடுத்த ஒரு புரதம். என் மருமக்கள் இதை வாசிப்பார்கள். அவர்களுக்குப் பலாக்கொட்டையைப் பற்றித் தெரிந்தது அதைத் தின்றபின் வரும் விளைவு மட்டும்தான். ஆகவே உமக்குத் தெரிந்ததை உமக்கே சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு கேளும்.

புரதங்கள் பல தம் மேனியில் சீனியால் கோத்த சங்கிலிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகின்றன, கல்யாண வீட்டுக்குப் போகும் மாமிகளைப்போல. என்ன சங்கிலி, எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்று அறிய வேண்டுமானால் கழுத்தில் கிடக்கும்போது முடியாது, கழற்ற வேண்டும். அமிலத்தை ஊற்றிக் காய்ச்சினால் கழுத்தும் சங்கிலியும் சேர்ந்து நொறுங்கும். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் காடையர்கள் எங்கள் பெண்களிடம் கழற்றிய முறை அது. என்சைம் என்னும் நொதியம் அப்படியல்ல. பொற்கொல்லன்போல வந்து கொளுவியில் மட்டும் கைவைத்து, கழுத்தும் கசங்காமல் சங்கிலியும் அறாமல் கழற்றி வைத்துவிட்டுப் போகும்.

அந்த நொதியம் இலங்கை முழுவதிலும் நம்மிடம் மட்டும்தான் இருந்தது என்று நான் சொல்லித் திரிந்தேன். யாரும் மறுக்கவில்லை, யாருக்கும் அது என்னவென்று தெரியாது. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், ஊருக்கு வந்த ஒருவர் கையில், தேமஸ் போத்தலுக்குள் ஐஸ் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். அளவு? ஒரு நுளம்பு துப்பினால் அதைவிடக் கொஞ்சம் கூட வரும். கூடவே ஒரு கடிதம். உங்கள் பலாக்கொட்டைப் புரதத்தில் இருந்து சங்கிலி கழலுகிறதா என்று பார்த்து, கழன்ற சீனி நிறமாகத் தெரியும் கண்ணாடித் தட்டின் படத்தை அனுப்பு. அனுப்பினால் என் ஆய்வுகூடத்தில் உனக்கு இடம் இருக்கிறது.

உனக்கு என்றால் உமக்கு. எனக்கல்ல. படிப்பில் நீர் புலி என்று சொல்லத்தான் ஆசை. அந்த நாட்களில் அந்தச் சொல்லைப் பகிடிக்கும் யாரும் வாயில் எடுப்பதில்லை.

அந்த நாட்கள்! மகாவலியில் மீன் பிடிக்கப் போனவர்கள் மனிதரைப் பிடித்துவிட்டுத் தூண்டிலை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள். சந்திகளில் ரயர் எரிந்தது. ரயருக்குள் யார் என்று கேட்கக் கூடாது. தெற்கில் சிங்களப் பொடியன்கள் அரசோடு மோத, அரசு அவர்களை வேரோடு பிடுங்க, வடக்கில் வேறொரு போர் தன் பாட்டில் நடந்தது. கண்டியில் ஒரு தமிழன் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகப் பிராணி. உம் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. வெளியே போவதற்கு ஒரு வழி உமக்குத் தேவைப்பட்டது, அந்த வழி ஒரு துளி நொதியத்தில் இருந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் மிகுதியைப் புரிந்துகொள்ள முடியாது.

அன்று காலை மின்மாற்றியை யாரோ வெடிவைத்துத் தகர்த்தார்கள். கரன்ட் போனது. குளிர்பெட்டிக்குள் ஐஸ் வியர்க்கத் தொடங்கியது. கூடவே, வளாகம் மூடப்படுகிறது, எல்லோரும் மதியத்துக்குள் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

குளிர்பெட்டியின் முன்னால் நீர் நின்ற நிலை, பிணத்தின் தலைமாட்டில் நிற்பவனின் நிலை.

"நாளைக்கு நொதியம் செத்திடும்" என்றீர். "இண்டைக்குச் செய்யோணும்."

"எப்பிடிங்க? சூட்டுப்பெட்டி ஓடாதே."

"மண்ணெண்ணெய் அடுப்பைப் பத்தவையும்."

கேத்தலில் தண்ணீர் கொதித்தது. பலாக்கொட்டைப் புரதத்தைச் சவர்க்கார மருந்தும் அந்த நாற்றக்காரனும் சேர்த்து ஆவியில் பிடித்தோம். புரதம் சுருள் அவிழ்ந்து படுத்தது. அந்தச் சவர்க்காரம் பொல்லாதது, நொதியத்தையும் கொன்றுவிடும். ஆகவே அதை அடக்க இன்னொரு சாதுவான சவர்க்காரம். எல்லாம் ஆறிய பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருந்த நொதியம் முழுவதையும் விட்டீர். விரல்நுனி அளவான பிளாஸ்டிக் ரியூப். பக்கத்தில் அதே போல இன்னொன்று. அதில் எல்லாம் உண்டு, நொதியம் மட்டும் இல்லை.

"இந்த வெறும் ஒண்ணு எதுக்குங்க? இருக்கிற அவசரத்துல."

"வெறும் ரியூப் இல்லாட்டி மற்றதில என்ன தெரிஞ்சாலும் நம்பேலாது ஐசே. உம்மைப் பக்கத்தில வச்சுப் பாத்தாத்தான் நான் மனிசன் எண்டு தெரியிறமாதிரி."

இனி வேண்டியது சூடு. கொதிநீர்ச் சூடல்ல, மனித உடம்பின் சூடு, அதுவும் விடியும்வரை ஒரே நிதானத்தில். நீர் கூரையைப் பார்த்தீர். பிறகு என்னைப் பார்த்தீர். பிறகு சேட்டின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினீர்.

"கமக்கட்டு" என்றீர், கையைத் தூக்கி அக்குளைக் காட்டி.

விஞ்ஞான வரலாற்றில் இதைவிட மகத்தான ஒரு சொல் உச்சரிக்கப்பட்டதில்லை. என் கமக்கட்டு நக்கிள்ஸ் மலைக் காட்டைப்போல அடர்ந்தது. அங்கே பிளாஸ்டர் நன்றாகப் பிடித்தது, வெறும் ரியூப் எனக்கு. உமக்கு வியர்வையில் பிளாஸ்டர் வழுக்கியது. மூன்று தரம் ஒட்டிப் பார்த்துவிட்டு, மேசை லாச்சியில் கிடந்த கறுப்பு நூலை எடுத்து, ரியூப்பின் கழுத்தில் கட்டி, உம் கழுத்தில் மாட்டி, பெனியனுக்குள்ளால் கமக்கட்டுக்குள் செருகினீர்.

"ஐயராகிட்டீங்க" என்று நான் சிரித்தேன்.

நாம் இருவரும் படித்தவர்கள். அந்த நாட்டில், அந்த வருடத்தில், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அட்டையில் உள்ள ஒருவர், கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சின்ன ரியூப்பைக் கட்டிக்கொண்டு வீதிக்கு இறங்கினால் அது பார்ப்பவனுக்கு என்னவாகத் தெரியும் என்று கண்டியில் ஆடு மேய்க்கும் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். பிடிபட்டால் கடிப்பதற்கென்று வடக்கில் இயக்கத்தார் கழுத்தில் சயனைட் கட்டித் திரிந்ததை உலகமே அறியும். நமக்குத் தோன்றவில்லை. நம் தலைக்குள் இருந்தது சூடு ஒன்றுதான்.

பஸ் இல்லை. கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்த இரண்டு கோழிகளைப்போல நடந்தோம். ஆற்றோரத்தில் ஒரு மண்மூட்டைக் காவலரண். அங்கே ஒரு கோப்ரல். கல்யாண வீடுகளில் அவனை நான் ஏழடி என்று சொல்வதுண்டு, மீசையில் இரண்டு பல்லி ஊர்ந்ததாகவும் சொல்வேன். உள்ளபடிக்கு என் தோளுக்குத்தான் வருவான். தடிமன் பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

உம் அட்டையைப் பார்த்தான். சேட்டைத் திறக்கச் சொன்னான். நூலைப் பிடித்து இழுத்தான். ரியூப் வெளியே வந்து உம் நெஞ்சில் ஆடியது.

துவக்குகள் நிமிர்ந்த சத்தத்தை நான் எவ்வளவு பெரிதாக்கிச் சொன்னாலும் போதாது, அதனால் சொல்லவில்லை.

உமக்குச் சிங்களம் தெரியாது. எனக்குத் தாய்ப்பால் மாதிரி. ஆகவே உம் வாய் நான்.

"இது என்ன?" என்றான்.

"பலாக்கொட்டைச் சாறு சேர்."

"பலாக்கொட்டைய நாங்க வயித்துல வெக்கிறோம். நீங்க ஏன்டா கமக்கட்டுல வெக்கிறீங்க?"

"சூடு வேணும் சேர்."

"அடைகாக்கிறீங்களா?"

பின்னால் நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் உயிரோடு விடுவார்கள் என்ற நம்பிக்கை எங்கள் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உண்டு. கோப்ரல் சிரிக்கவில்லை. மூடியை நகத்தால் நிமிர்த்தினான். அடைத்த மூக்குக்குள்ளும் நம் நாற்றக்காரன் புகுந்துவிட்டான். கோப்ரல் பாம்பை மிதித்தவன்போல பின்னால் பாய்ந்தான்.

"வடக்குல ஒருத்தன் எனக்குப் பக்கத்துல கடிச்சான்" என்றான். "கண்ண மூடித் தொறந்தேன். செத்திருந்தான். இவன் குடிக்கட்டும். நஞ்சு இல்லன்னா வீட்டுக்குப் போகட்டும்."

"என்னவாம்?" என்றீர்.

"குடிக்கச் சொல்றாருங்க."

உம் முகத்தில் உயிர்ப்பயம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது.

"ஏலாது. சொல்லும். வேணுமெண்டா என்னைக் கொண்டு போகட்டும். ரியூப்பை உம்மட்ட விடட்டும்."

சொன்னேன்.

"ரியூப்புக்கு அடையாள அட்டை இருக்கா?" என்றான் கோப்ரல்.

"பாதி குடிக்கிறன் எண்டு கேளும்."

கேட்டேன்.

"பாதி செத்தவன நான் யாருக்குக் கணக்குக் காட்டுறது?"

அப்போது உம் கண் மெதுவாக என் கமக்கட்டுக்குத் திரும்பியது. என் ரத்தம் உறைந்து ஐஸ்கிரீம் ஆனது.

"இவரிட்டயும் ஒண்டு இருக்கு, அதைக் குடிக்கட்டும் எண்டு சொல்லும். ரெண்டும் ஒண்டுதான் எண்டு சொல்லும்."

என் கழுத்துக்கான கயிற்றை என் வாயாலேயே சிங்களத்தில் திரித்துக் கொடுத்தேன். வேறு யார் கொடுப்பது? பிளாஸ்டரை அவர்கள் உரித்தபோது காட்டில் பாதி அதோடு போனது. குடித்தேன். உப்பும் சவர்க்காரமும் சேர்ந்த ஒரு துளி. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீர் மட்டும் உம் ரியூப்பைப் பார்த்துக்கொண்டு நின்றீர்.

நான் சாகவில்லை. கோப்ரல் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"இவன் சாகல்ல. அப்ப நஞ்சு அதுலதான்" என்றான்.

உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்களுக்கெல்லாம் அவனை நான் சிபாரிசு செய்வேன். முதலில் வெறும் ரியூப், பிறகு மற்றது. வரிசை பிசகவில்லை.

துவக்கு வாய் உம் விலாவைத் தொட்டது. ரியூப்பை நாக்கில் கவிழ்த்தீர். ஒரு துளி. தட்டித் தட்டிக் கடைசி ஈரம்வரை விழவைத்தான். ஒரு வருடம் அரைத்து, வடித்து, சுத்தம் செய்த புரதமும், கடல் தாண்டி வந்த நொதியமும், நீர் போகவேண்டிய வழியும் உம் தொண்டைக்குள்ளால் இறங்கியதை அந்த ஆற்றங்கரையில் நின்று பார்த்தேன்.

பிறகு காத்திருப்பு. மண்மூட்டையில் உம்மை உட்காரவைத்து நீர் சாவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். தூரத்தில் நின்ற சிப்பாய் ஒருவன், "இன்னும் இல்லையா?" என்று கேட்டான். "இன்னும் இல்ல" என்றான் கோப்ரல், பஸ் வராததைச் சொல்பவனைப்போல. வெயில் சாய்ந்தது. நீர் சாகாதது அவனுக்கு மெல்ல மெல்ல அவமானமாகியது. கடைசியில் பால் விடாத பிளேன்ரீ இரண்டு வரவழைத்துத் தந்தான்.

"போங்க. இனிமே பலாக்கொட்டைய அவிச்சுத் தின்னுங்க."

வளைவு தாண்டியதும் நீர் வேலியோரம் குந்தினீர். தொண்டைக்குள் விரலை விட்டீர். சவர்க்காரம் வயிற்றைக் குமட்டுகிறது என்று நினைத்து முதுகைத் தடவ வந்தேன். உம் மற்றக் கையில் காலியான உம் ரியூப்; வாய்க்கு நேரே, மூடியைத் திறந்து, ஏந்திப் பிடித்திருந்தீர்.

பிளேன்ரீ மட்டும்தான் வந்தது.

"அந்தக் கோப்ரல் உம்மை விட நல்லா வேலை செய்யிறான்" என்றீர்.

அடுத்த கிழமை நீர் கதிரையில் உட்கார்ந்து பேராசிரியருக்குக் கடிதம் எழுதினீர். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு யோசனை சொன்னேன், என் தொழில் அது.

"கழண்டிருச்சுன்னு எழுதிடுங்க. கழண்டுதான் இருக்கும். எல்லாருக்கும் கழலுது, நமக்கு மட்டும் ஏன் கழலாது? படம் எடுத்தோம், கலவரத்துல கமரா போச்சுன்னு போடுங்க. இந்த நாட்டுல எது போனாலும் நம்புவாங்க."

"நான் பாக்கேல்லை."

"பாக்காட்டி என்னாங்க?"

"பாக்காததை எழுதேலாது ஐசே. உமக்கு அது விளங்காது. நீர் பாத்ததையே ஒழுங்காச் சொல்லுறேல்லை."

நடந்ததை நடந்தபடி எழுதினீர். மின்மாற்றி, கமக்கட்டு, கறுப்பு நூல், கோப்ரல், நாக்கு. நான் வாசித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன அத்தனை புளுகையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த ஒரு பக்க உண்மை அதைவிடப் பெரிய புளுகாகத் தெரிந்தது.

பதில் வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. நல்ல தாள், நல்ல தட்டச்சு. மாதிரி ஏன் வந்து சேரவில்லை என்பதற்குத் தன் வாழ்நாளில் பல காரணங்களைக் கேட்டிருப்பதாகவும், இத்தனை கற்பனை வளமுள்ள ஒன்றை இதுவரை கேட்டதில்லை என்றும், இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்றும், உங்கள் அழகிய தீவுக்குச் சமாதானம் கிட்டட்டும் என்றும் எழுதியிருந்தார்.

நீர் சிரித்தீர். உம் பல்வரிசையை அன்றைக்குத்தான் முழுதாகக் கண்டேன். கதிரையில் இருந்து வழுக்கித் தரையில் விழும்வரை சிரித்தீர். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

வழி அடைபட்ட பிறகு நீர் இங்கே எதற்கும் அவசரப்படவில்லை. வடக்கே பாதை மூடிக் கிடந்தது. அம்மாவுக்குச் சுகமில்லை என்று ஆள்மூலம் செய்தி வந்ததும், போறன் என்றீர். கடல்நீரேரியைப் படகில் கடந்துதான் போகவேண்டும், கடப்பவர்களை நோக்கிக் கடற்படை சுடும், எல்லோருக்கும் தெரியும். உமக்கும் தெரியும். கண்டி பஸ் நிலையத்துக்கு வழியனுப்ப வந்தேன். வவுனியா பஸ்ஸில் யன்னலோரம் இடம்பிடித்து, தலையை வெளியே நீட்டினீர்.

"நான் வாறதுக்குள்ள அந்தக் கண்ணாடித் தட்டுகளைக் கழுவி வையும். உம்மட கழுவல் எனக்குத் தெரியும். திருப்பி நான்தான் கழுவோணும்."

"போங்க, போங்க. யாழ்ப்பாணத்துலயாவது குளிங்க."

பஸ் போனது. கரையில் உம்மோடு படகுக்குக் காத்திருந்த ஒருவர் பிறகு ஆள்மூலம் சொல்லியனுப்பினார்: நீர் ஏறிய படகு மறுகரைக்கு வரவில்லை. அவ்வளவுதான் செய்தி. உடல் இல்லை, பலகைத் துண்டு இல்லை, சேட்டின் பொத்தான்கூட இல்லை.

போர் முடியாமல் இழுபட்டது; நான் தலை நரைத்து அதே மேசையில் இருந்தேன். ஒரு நாள் மறுபடியும் அந்த நொதியம் கைக்கு வந்தது. இம்முறை விலைக்கு வாங்கி, பெட்டியோடு. கரன்ட் இருந்தது, சூட்டுப்பெட்டி ஓடியது. நான் நேரே பலாக்கொட்டைக்குத்தான் போனேன். பக்கத்தில், மாட்டு ரத்தத்துப் புரதம் ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்தேன். கண்ணாடித் தட்டில் துளி வைத்து, ஏறவிட்டு, மருந்து தெளித்துச் சூடாக்கினேன். சீனி இருக்கும் இடம் ஊதா நிறமாகத் தெரிய வேண்டும்.

மாட்டுக்குக் கழன்றது, அழகாக. பலாக்கொட்டைக்கு ஒன்றும் இல்லை. நொதியம் போட்டதும் போடாததும் அக்கா தங்கைபோல வெறுமையாகக் கிடந்தன. திரும்பச் செய்தேன். அதே வெறுமை.

காரணம் இப்போது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. செடிகொடிகள் பல தம் சங்கிலியின் அடியில், கொளுவிக்குப் பக்கத்திலேயே, இன்னொரு குட்டிச் சீனியைக் குறுக்கே செருகி வைத்திருக்கின்றன. பக்றீரியாவில் இருந்து எடுத்த நம் நொதியத்தின் வாய் அந்த இடுக்குக்குள் நுழையாது. பாதாம்பருப்பில் இருந்து எடுக்கும் வேறொரு நொதியம் வேண்டும். அதை எடுப்பித்துப் போட்டேன். சங்கிலி அம்மணமாக வந்து ஊதாவில் நின்றது.

ஆகவே கேளும். அந்த ஆற்றங்கரையில் உம் கழுத்தில் ஆடிய ரியூப்புக்குள் ஒன்றும் கழலவில்லை. விடியும்வரை அடைகாத்திருந்தாலும் கழன்றிருக்காது. என் ரியூப்பும் உம் ரியூப்பும் ஒன்றுதான். உம் வாழ்நாளில் நீர் சொன்ன ஒரே பொய், என்னைக் குடிக்கவைப்பதற்குச் சொன்னது, அது உண்மை. நான் எழுதச் சொன்னதை எழுதியிருந்தால் நீர் அங்கே போய் முதல் மாதத்திலேயே பொய்யர் என்று பிடிபட்டிருப்பீர். இன்னும் கொடுமை இருக்கிறது: கோப்ரலுக்கு அன்று லீவாக இருந்து, தட்டைப் பார்த்து, ஒன்றும் கழலவில்லை என்று நீர் எழுதியிருந்தால், பேராசிரியர் துள்ளிக் குதித்திருப்பார். அந்த நாளில் அது உலகத்தில் ஓரிருவருக்கு அரைகுறையாகத் தெரிந்திருந்தால் அதிகம். உம் இடம் அந்த வெறுமையில்தான் இருந்தது. அதைத்தான் குடித்தீர்.

இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? நீர் இருந்திருந்தால் தரையில் விழுந்திருப்பீர்.

இப்போது வேறொரு சங்கதி. நேற்றுக் காஸ்காரன் வந்து சிலிண்டரை மாற்றிக்கொண்டிருக்கும்போது கனடாவில் இருந்து உம் தங்கை அழைத்தாள். உம் அம்மா இன்னும் இருக்கிறா. மகள் வீட்டில், படுக்கையில். கண் மங்கிவிட்டது, நினைவு மட்டும் கத்தி. ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி: அவனுக்கு நொந்ததோ?

"அண்ணா, நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கோ" என்றாள். "படகில இருந்து தப்பின ஒராளைக் கண்டனியள் எண்டு. ஒரு நொடியில போச்சு, அண்ணைக்கு ஒண்டும் தெரியாது எண்டு அவர் சொன்னவர் எண்டு. நீங்கள் எழுதினா அம்மா நம்புவா. உங்களுக்கு என்ன, கதை சொல்லுறது கஷ்டமே?"

கஷ்டமே இல்லை. அப்படி ஒருவரை நான் ஒரு மூச்சில் படைத்துவிடுவேன். பெயர், ஊர், காலில் ஒரு காயம், படகில் உமக்குப் பக்கத்தில் இருந்ததாக, நீர் கடைசியாக அம்மா என்றதாக. வாசிப்பவர் கண்ணீரில் கனடா முழுக்க வெள்ளம் எடுக்கும். ஓம் என்றும் சொல்லிவிட்டேன்.

மதியம் முழுக்க உட்கார்ந்தேன். எழுதினேன்: அவர் சாப்பிடும்போது பேசமாட்டார். எழுதினேன்: என்னை ஒரு மனிதனாக மதித்ததில்லை, ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மட்டும் இருந்த ஒரே கதிரையைத் தந்தார். எழுதினேன்: துவக்கு முனையில் நின்று, என்னைக் கொண்டுபோ, இதை விடு என்று கேட்டார், கால் நடுங்கவில்லை, நான் பார்த்தேன். எழுதினேன்: வவுனியா பஸ்ஸில் யன்னலோரம் இருந்தார், கண்ணாடித் தட்டுகளைக் கழுவச் சொன்னார், எனக்கு ஏசினார், பஸ் சந்தியால் திரும்பியது.

அதற்குப் பிறகு ஒரு வரி. ஒரே ஒரு வரி. தொண்ணூறு தாண்டிய ஒரு தாய்க்கு. யாருக்கும் நட்டமில்லாத ஒரு புளுகு.

பேனை போகவில்லை ஐசே. என்னைக் கெடுத்து வைத்திருக்கிறீர். மனைவி இரண்டு தரம் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனாள்; இரண்டும் ஆறிப்போனது.

கடிதத்தை இன்று தபாலில் போட்டுவிட்டேன். பஸ் சந்தியால் திரும்புகிறது. கடிதம் அங்கேயே முடிகிறது. உம் அம்மா நாளைக்கும் கேட்பா.